கால் அங்குலம்

பலகையில் அதை ஒட்டியவள் ஹெஸ்தர் உர்வின்,
சுரங்கத் தொழிலாளர் கிளப்பின் செயலாளர்.
சுரங்கம் மூடி முப்பது வருடமாகிறது.
கிளப்பை மூட மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை.

"செப்டம்பர் மூன்றாம் சனி. லீக்ஸ் போட்டி.
இந்த வருட நடுவர் ஹெக்ஸமிலிருந்து வருகிறார்.
முழுக்க முழுக்க அன்இன்ட்ரெஸ்டட்."

டிஸ் என்று தொடங்கியிருக்க வேண்டும்.
இரண்டெழுத்துப் பிசகு.

ராபி ஸ்டாப்ஸ் மீசையில் பீர் நுரையோடு
அதை உரக்க வாசித்தான்:
"கொட்டாவி விடவா வெளியூரிலிருந்து ஆள்?
அதற்கு என் மச்சான் போதுமே.
பஸ் காசுகூடக் கேட்கமாட்டான்."

ஹெஸ்தர் பேனாவால் அடித்துத் திருத்தினாள்.
நார்த்தம்பர்லாந்து மழை
பேனா மையைக் கழுவி எடுத்துக்கொண்டு
தட்டச்சை மட்டும் விட்டுவைத்தது.

ஆசைப்படுவதற்கும் வட்டி வாங்குவதற்கும்
ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் அவர்கள்.
'இல்லை' என்று மறுக்கும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்:
எது இல்லை?
மனசா, பங்கா?

நமக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று
கொஞ்சம் இறுமாப்போடுதான் எழுத உட்கார்ந்தேன்.
அப்புறம் 'எனக்கென்ன' ஞாபகம் வந்தது.
தோளைக் குலுக்கிக்கொண்டு சொன்னால் ஒன்று.
தராசைப் பிடித்துக்கொண்டு சொன்னால்
அது வேறு ஆள்.

சனிக்கிழமை வந்து இறங்கினார் ஆஸ்வின் தேர்ல்வெல்,
இருட்டோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி.
கூடத்துக்குள் கால் வைத்ததும்
கடைவாய்ப்பல் தெரிய ஒரு கொட்டாவி.
எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு பெட்டியைத் திறந்தார்.
நீலத் துணியில் காலிப்பர்.
கறுப்பு வெல்வெட்டில் மூன்று மூன்றாக லீக்ஸ்,
பால் தொட்டு இலை இலையாகத் துடைத்தவை.
இவற்றுக்காகத்தான் ஆகஸ்ட் முழுக்க
டார்ச்சும் கம்பளியுமாய்த் தோட்டக் கொட்டகையில் படுத்தார்கள்,
எதிராளி ராத்திரியில் கத்தியோடு வருவான் என்று.

குனிந்தார். முகர்ந்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்,
மறுபடி கழற்றினார்.
வேர் முடியை விரலால் நீவியபோது
அவர் உதடு தனக்குத்தானே எதையோ சொன்னது.
கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறி
மேலே ஆடை கட்டிவிட்டது.
மூன்று மணி நேரம்.
இந்த மனிதருக்கா ஆர்வமில்லை?

முதல் பரிசு, இருநூறு பவுண்டு:
டாரீன் மில்பர்ன்.
அவள் வரவேயில்லை.
பெயர் கொடுத்தது அவள் அக்கா மகன்.
ஹெஸ்தர் போன் செய்து சொன்னாள்.
"அப்படியா" என்றாள் டாரீன்.
"அளந்து முடித்தாயிற்று என்றால் கொடுத்தனுப்பு.
சூப்புக்கு ரெண்டு குறைகிறது."

பலகையிலிருந்த சொல்
தன் சொந்தக்காரியைக் கண்டுபிடித்துவிட்டது.

இரண்டாவது, ராபி ஸ்டாப்ஸ்.
சுற்றளவில் கால் அங்குலம்.

பஸ் நிறுத்தத்துக்கு அவனும் வந்தான்.
குடை இல்லை. கொஞ்ச நேரம் பேச்சும் இல்லை.
"பதினோரு வருடமாக
உங்களுக்கு நூற்றெண்பது பவுண்டு பாக்கி" என்றான்.
"ஜெயித்திருந்தால் இன்றைக்கே எண்ணி வைத்திருப்பேன்."

"தெரியும்" என்றார் தேர்ல்வெல்.

வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.
பெட்டியை ஈரம் படாமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"மூன்றாவது தண்டில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல், ராபி.
ஜூலையில் குறைத்துப் பார்."